நாரி நோவும் கஞ்சா எண்ணெயும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் கஞ்சாவுக்கென்று ஒரு மூலை நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாதகல் கடலில் பொதி மிதந்தது, வல்வெட்டித்துறையில் படகோடு ஆட்கள் பிடிபட்டார்கள், வெற்றிலைக்கேணிக் கரையில் மணலுக்குள் புதைத்தது மீட்கப்பட்டது. காலைத் தேநீரோடு இவற்றை வாசித்துப் பழகிய ஊரில் இருந்துகொண்டு, "கனடாவில் வைத்தியரின் கடிதத்தோடு கஞ்சா எண்ணெய் எடுத்தவன் நான், அபின் வகைக் குளிசைகளை விட்டு இறங்க அது எனக்குக் கைகொடுத்தது" என்று எழுதுவது லேசான வேலை அல்ல. ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து, தங்கள் முழங்காலுக்கு ஒரு போத்தல் எடுப்பிக்க வழி உண்டா என்று வீடு தேடி வருகிறவர்கள் ஒரு பக்கம். "கனடாவில் போதைக்குப் பழகிவிட்டு வந்திருக்கிறான்" என்று கோயில் வீதியில் நின்று கதைக்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு பகுதியினரும் ஒரே கதையின் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் எனக்கு வேலை. பாரம் தூக்கியதில் முதுகெலும்பின் அடியிலுள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரித்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது, நோ மட்டும் போகவில்லை. நாரியில், அதாவது இடுப்பின் பின்பக்கத்தில் தொடங்கி, பிட்டத்தால் இறங்கி, இடது கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரைக்கும் எரிவு. பகலில் வேலையும் கதையும் அதைக் கொஞ்சம் மறைக்கும். இரவு படுத்து விளக்கை அணைத்ததும் அது தன் வேலையைத் தொடங்கும்.

தந்த மருந்து ஒக்சிகோடோன் என்ற அபின் வகை நோவு மருந்து. முதலில் பரசிட்டமோல் கலந்த சிறு குளிசை, பிறகு மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும் பெரிய குளிசை. இந்த இரண்டாவது வகை 1996 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, மெதுவாகக் கரைவதால் பழக்கமாகும் ஆபத்துக் குறைவு என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. அப்படிச் சொன்னது தவறு என்று அதை விற்ற நிறுவனம் 2007 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டொலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. அந்தச் செய்தி வந்த பிறகும் உலகம் முழுவதும் மருந்துச் சீட்டுகளில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முதற்சில மாதங்கள் சொர்க்கம் என்றே சொல்ல வேண்டும். பிறகு அதே அளவுக்கு அதே சுகம் கிடைக்கவில்லை. அளவு ஏறியது. கடைசியில் காலை 40 மில்லிகிராம், இரவு 40 மில்லிகிராம். ஒக்சிகோடோன் 1 மில்லிகிராம் ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் மோர்ஃபினுக்குச் சமம். அந்தக் கணக்கில் நான் நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் மோர்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய் அல்லாத நாட்பட்ட நோவுக்கு 90 ஐத் தாண்ட வேண்டாம், புதிதாகத் தொடங்குபவரை 50 க்குள் வைத்திருங்கள் என்று 2017 இல் வந்த கனடிய வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இந்த வகை மருந்தில் இருந்தால் இந்தக் கணக்கை வைத்தியரிடம் கேட்டுப் போட்டுப் பாருங்கள். குளிசையின் எண்ணிக்கையை வைத்து எதையும் மட்டுக்கட்ட முடியாது.

பக்கவிளைவுகளில் மலச்சிக்கலை எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த மருந்தின் மயக்கத்துக்கு உடம்பு பழகும், குமட்டலுக்கும் பழகும், குடல் மந்தமாவதற்கு மட்டும் பழகாது. மருந்து தொடங்கும் அன்றே அதற்கும் மருந்து கேட்டு வாங்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் நாரி நோவைவிடப் பெரிய நோவு வந்து சேரும். மற்றது, நீண்டகாலம் எடுக்கும் சிலருக்கு இந்த மருந்தே நோவுணர்வைக் கூட்டிவிடும் என்பது. அளவைக் கூட்டக் கூட்ட எரிவும் கூடியதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு மிகப் பிந்தித்தான் விளக்கப்பட்டது.

என்னைத் திருப்பியவர் வைத்தியர் அல்ல, மருந்தகத்துப் பெண். ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 முதல் நலொக்சோன் என்ற முறிமருந்தை மருந்தகங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அபின் வகை மருந்து அளவு மிஞ்சி மூச்சு நின்றுபோகும்போது மூக்கில் அடிக்க வேண்டியது. வழக்கமான என் குளிசைப் போத்தலோடு ஒரு சிறு பையையும் மேசையில் வைத்து, "இதை எப்படிப் பாவிப்பது என்று உங்கள் மனைவிக்கும் காட்டிவையுங்கள்" என்றார் அவர். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் அதை எடுக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள்" என்றார், மிகவும் மரியாதையாக. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பையைத் திறந்து பார்த்து மூடினாள். அடுத்த கிழமையே என்னை இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய், "இவரை இதிலிருந்து இறக்குங்கள்" என்றாள்.

கனடாவில் 2001 முதலே நோயாளருக்குக் கஞ்சா சட்டப்படி கிடைத்து வந்தது. 2018 ஒக்டோபர் 17 இல் வயதுவந்த எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கடையில் போய் வாங்கலாம் என்ற நிலை வந்த பிறகும் நான் வைத்தியர் வழியையே பிடித்தேன். அவர் ஆவணம் எழுதித் தருவார், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிவு செய்ய வேண்டும், போத்தல் தபாலில் வரும். காப்புறுதி பெரும்பாலும் கட்டாது, வருமானவரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். இந்த வழியின் பெறுமதி கடதாசியில் இல்லை. என் மற்றக் குளிசைகள் என்ன என்று தெரிந்த ஒருவர் அளவைத் தீர்மானித்தார் என்பதில்தான் இருந்தது. அபின் வகை மருந்தும் கஞ்சாவும் ஒன்றாகச் சேர்ந்தால் மயக்கம் கூடும். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்களுக்குக் கஞ்சாவிலுள்ள சி.பி.டி. என்ற பொருள் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால், அல்லது இதயநோய் இருந்தால், இந்தப் பக்கமே போகக் கூடாது. கடைக்காரப் பையனுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

போத்தலோடு ஊசியில்லாத சிறு சிரிஞ்ச் ஒன்று வரும். ஒரு மில்லிலீற்றரில் டீ.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று போத்தலில் அச்சடித்திருக்கும். டீ.எச்.சி.தான் தலைக்கேறும் சரக்கு, மற்றது ஏறாது. என்னுடையதில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் டீ.எச்.சி. தொடங்கச் சொன்னது 2.5, அதாவது கால் மில்லிலீற்றர். குசினி விளக்கின் கீழே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேன்நிற எண்ணெயை இழுத்து, உள்ளே நிற்கும் காற்றுக் குமிழியைத் தட்டி மேலேற்றி, கோடு பார்த்து நிறுத்துவேன். அந்தக் குமிழியை விட்டுவிட்டால் அளவு குறைந்துபோகும், அவசரத்தில் இழுத்தால் கூடிவிடும். நாக்கின் கீழ் விட்டு, கொஞ்சம் வைத்திருந்து விழுங்குவது. காய்ந்த துளசிச் செத்தையைப்போல ஒரு வாசம் தொண்டையில் நெடுநேரம் நிற்கும்.

விழுங்கும் எண்ணெய் வேலையைக் காட்ட ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கூடப் பிடிக்கும். புகைப்பதைப்போல நிமிடங்களில் ஏறாது. ஒன்றும் தெரியவில்லையே என்று அரை மணியில் இன்னொரு முறை எடுப்பவர்கள்தான் நெஞ்சு படபடக்க அவசரசிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். என் வைத்தியரின் விதி கடுமையானது: ஒரு இரவில் ஒரு தரம், கூட்டுவதானால் சில நாட்கள் பொறுத்து 2.5 மட்டும். புகைக்கவே கூடாது. எடுத்த பிறகு வாகனச் சாவியைத் தொடக் கூடாது. வாய் காயும், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். குசினிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்பது எனக்கு வாடிக்கையாயிற்று. வயதானவர்களுக்கு அந்தத் தலைசுற்று இடுப்பெலும்பை முறிக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடும், இதைச் சிறு விடயமாக எடுக்க வேண்டாம்.

நோ போயிற்றா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. பத்துக்கு ஏழு என்று இருந்தது ஆறானது, நல்ல நாட்களில் ஐந்து. கிடைத்தது நித்திரை. படுத்தால் விடியப்புறம் நாலு மணி வரைக்கும் இடையில் எழும்பாமல் கிடந்தேன். நித்திரை கொண்ட மனிதனுக்கு அடுத்த நாள் அதே ஆறு, ஆறாகத் தெரிவதில்லை. அந்தப் பலத்தில்தான் குளிசையைக் குறைக்கும் வேலையைத் தொடங்க முடிந்தது.

குறைப்பது தனிக் கலை. இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்கு ஒரு தடவை, இருக்கும் அளவில் நூற்றுக்கு ஐந்து, பத்து வீதம். அதற்கு மேல் அவசரப்பட்டால் உடம்பு பழிவாங்கும்: கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றோட்டம், காலை ஒரு இடத்தில் வைக்க முடியாத அந்தரம். மெதுவாகக் கரையும் குளிசையை முறித்தோ இடித்தோ பாதியாக்கக் கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி ஆளைக் கொன்றுவிடும். சிறிய அளவுக் குளிசைகளாக மாற்றி எழுதிக் கேட்க வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியம். குறைத்துக்கொண்டு வந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. நோ தாங்காத ஒரு இரவில், அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த பழைய குளிசையைப் பழைய கணக்கில் போட்டுக்கொண்டவர்கள் எழும்பவில்லை. மிஞ்சியதை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கொப்பியில் கோடடித்து எழுதினேன்: குளிசை அளவு, எண்ணெய் அளவு, எத்தனை மணி நித்திரை, எவ்வளவு தூரம் நடந்தேன், மலம் போனதா. நோ எத்தனை என்ற நிரலை மனைவி பாதியில் வெட்டிவிட்டாள். காலையில் எழும்பியதும் நோவுக்கு மதிப்பெண் போடுகிறவன் நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவள் கட்சி. அவள் சொன்னது சரி. எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிப் பகுதி, அதாவது சின்ன அளவிலிருந்து ஒன்றுமில்லாததற்கு இறங்குவதுதான் மிகவும் இழுத்தது.

என் கதை இப்படி முடிந்தது என்பதால் எல்லோருடையதும் இப்படி முடியும் என்று நினைக்க வேண்டாம். 2014 இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது: மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் அபின் வகை மருந்துகளால் நேரும் மரணங்கள் நூற்றுக்கு 25 வீதமளவில் குறைவு என்று. உலகமே அதைத் தூக்கிப் பிடித்தது. அதே கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்து 2019 இல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: தொடர்பு தலைகீழாக மாறி, அந்த மாநிலங்களில் மரணம் கூடுதலாக இருந்தது. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பகிர்ந்தார்கள்? அவுஸ்திரேலியாவில் நாட்பட்ட நோவுக்கு அபின் மருந்து எடுத்த 1,500 பேரை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கஞ்சா பாவித்ததால் நோவும் குறையவில்லை, அபின் மருந்தும் குறையவில்லை. உலக நோவு ஆய்வுச் சங்கம் 2021 இல், நோவுக்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. அதே 2021 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த வழிகாட்டல் கொஞ்சம் இளகியது: மற்றவை போதாதபோது புகைக்காத வடிவத்தில் ஒரு தடவை பார்க்கலாம், ஆனால் மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் மேலதிகமாக நூற்றில் பத்துப் பேர் அளவில்தான் நோவில் உணரத்தக்க குறைவைக் காண்பார்கள் என்று. அந்தப் பத்துப் பேரில் நான் ஒருவனாக இருந்திருக்கலாம். அல்லது என்னைக் காப்பாற்றியது மெதுவாக இறக்கிய வைத்தியரும் கொப்பியை எடுத்து வைத்த மனைவியுமாகவும் இருக்கலாம்.

ஊருக்கு வந்தபோது எண்ணெயைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வந்தேன். வைத்தியர் கடிதம் இருந்தாலும் கஞ்சாவைக் கனடிய எல்லைக்கு வெளியே கொண்டுபோவது அங்கேயே குற்றம். இங்கே 1929 இல் வந்த நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. ஸ்காபரோ வைத்தியரின் கடிதத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீட்டிப் பயனில்லை. எண்ணெயையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஓரிரு கிழமை நித்திரையின்மை, எரிச்சல், பயங்கரக் கனவுகள் வரும். பயணத்துக்கு முன்னரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருந்தேன்.

பக்கத்து வளவு அக்காவுக்கு இந்த விளக்கம் எல்லாம் எடுபடவில்லை. "தம்பி, சித்த வைத்தியத்திலே அது இருக்கிறதுதானே? எங்கள் பரியாரியார் லேகியத்தில் போடுவாரே" என்றார். உண்மைதான். 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தனக்குள் அடக்குகிறது. பதிவுபெற்ற வைத்தியர்கள் அனுமதியோடு மருந்து செய்யக் கஞ்சா பெறலாம். ஆனால் அது சுத்திசெய்து மற்றச் சரக்குகளோடு சேர்த்துக் கிண்டும் லேகியம். மில்லிகிராம் பார்த்து அளக்கும் எண்ணெய் வேறு. அக்காவுக்கு விருப்பமென்றால் கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய்ப் படித்த வைத்தியரைப் பாருங்கள் என்றேன். "அப்படியென்றால் அந்தக் கடத்தி வருகிற கேரளாக் கஞ்சா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கடலில் நனைந்து, மணலுக்குள் கிடந்து, பூஞ்சணம் பிடித்த பொதியில் டீ.எச்.சி. எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பிடிபட்டால் முழங்கால் நோவோடு நீதிமன்றப் படியும் ஏற வேண்டும். அதைவிட, அக்காவின் பேரன் உயர்தரம் படிக்கிறான். வீட்டு அலுமாரியில் அது இருப்பது அவனுக்கு என்ன சொல்லும்? வளரும் மூளைக்கு இந்தச் சரக்கு நல்லதல்ல என்பதில் எந்த ஆய்விலும் பெரிய சண்டை இல்லை.

அபினைப் பற்றி நான் இவ்வளவு எழுதியதை வாசித்துவிட்டு, புற்றுநோயில் கிடக்கும் தாய்க்கு மோர்ஃபினை மறுத்துவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி நடந்தது. "பழக்கமாகிவிடும்" என்று பிள்ளைகள் பயந்தார்கள், மனுஷி முனகி முனகியே போய்ச் சேர்ந்தார். உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே புற்றுநோய் நோவுக்கு மோர்ஃபினைப் படிவரிசையின் உச்சியில் வைத்துவிட்டது. அந்தக் கட்டத்தில் பழக்கத்துக்குப் பயப்படுவது அர்த்தமற்றது. நான் சொல்வது நாரி நோ, முழங்கால் நோ, பழைய காயங்களின் நோ ஆகியவற்றைப் பற்றி. எங்கள் மண்ணில் செல் சன்னத்தோடும் இழந்த காலின் நோவோடும் வாழ்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் டிரமடோல். அதுவும் அபின் வகைதான் என்பது எழுதிக் கொடுக்கப்பட்ட பலருக்கே தெரியாது. ஒருவருக்குத் தந்ததை வீட்டில் இன்னொருவர் பங்கு போடுவது இங்கே சாதாரணம். சில மனச்சோர்வுக் குளிசைகளோடு அது சேர்ந்தால் வலிப்பு வரலாம். நாளொன்றுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, முதியவர்களுக்கு அதிலும் குறைவு.

இங்கே என்னைப் பார்க்கும் இளம் வைத்தியரிடம் எதையும் ஒளிக்கவில்லை. முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை வைத்துவிட்டு, "ஐயா, அந்த எண்ணெய் உங்களுக்கு நோவுக்கா உதவியது, நித்திரைக்கா?" என்று கேட்டார். நித்திரைக்கு என்றேன். "அப்படியானால் நித்திரையில் இருந்து தொடங்குவோம்" என்று இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதினார். நரம்பு நோவுக்கும் கொடுக்கும் பழைய மருந்து, விலையும் மலிவு. காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், வாய் இதிலும் காய்கிறது. பகலில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் காட்டித் தந்த பயிற்சிகள். வெயில் ஏற முன்னர் நடை. மாலையில் நொச்சி இலை அவித்த வெந்நீர் ஒற்றடம். நோ இன்றைக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்தான் நிற்கிறது. எண்ணெய் இருந்தால் நித்திரை இன்னும் ஆழமாக இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களில் பலர் என்னைப்போல நோவோடு வருகிறார்கள். எண்ணெய் எடுப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லி, அது இல்லாமல் இருக்கக்கூடிய மாற்று ஒழுங்கைச் செய்துகொண்டு வரவும். கம்மீஸ் இனிப்பு, பூச்சுக் களிம்பு என்று கைப்பையில் மறந்து கிடப்பவற்றையும் தேடி எடுத்து வெளியே வையுங்கள், அவற்றில் டீ.எச்.சி. இருந்தால் அதுவும் கஞ்சாதான். அபின் வகைக் குளிசை எடுப்பவர்கள் அதைப் பெயர் ஒட்டிய அசல் போத்தலிலேயே, தங்கும் நாட்களுக்கு அளவாக, மருந்துச் சீட்டோடும் வைத்தியர் கடிதத்தோடும் கொண்டுவர வேண்டும். எவ்வளவு கொண்டுவரலாம் என்பதைப் புறப்பட முன்னர் இலங்கைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் அந்த நீண்ட பஸ் பயணத்தில் குளிசை கையில் இல்லாமல் இருப்பது யாருக்கும் வரக்கூடாத பாடு.